அவர் எதிரில் சாப்பிட்டது

என் கணவருக்கு வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. தொண்ணூறுகளின் கடைசியில், ரிட்டையரான இரண்டாவது வருஷம். பல் தேய்க்கப் போனவர் குழாயடியில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். ஈரத்தரை வழுக்கிவிட்டதாக்கும் என்று நினைத்து, "பார்த்து வரக்கூடாதாங்க" என்று நான் கடிந்துகொண்டேன். அவர் நல்லபடியாக இருக்கிறார் என்று நினைத்து நான் அவரிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். இன்னும் கொஞ்சம் மரியாதையாகப் பேசியிருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நடப்பாரா, பேசுவாரா என்றெல்லாம் இப்போது யோசிக்காதீர்கள், வாயால் சாப்பிடுகிறார், அதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். தண்ணீராகக் கொடுத்தால் புரையேறும், கட்டியாகக் கொடுத்தால் தொண்டையில் நிற்கும். இட்லிமாவு பதத்துக்குக் குழைத்து, நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு வாய் இறங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த வாய் கொடுக்க வேண்டும். வாயால் சாப்பிடுவது நின்றால் மூக்கில் குழாய் போட வேண்டிவரும், குழாய் வந்தால் பின்னாலேயே ஒவ்வொரு வியாதியாக வரும் என்று சொன்னார். அவர் சொன்ன மற்றதெல்லாம் ஆட்டோவிலேயே மறந்துபோயிற்று. இதை மட்டும் பிடித்துக்கொண்டேன். அடுத்த மூன்று வருஷம் என் வேலை அதுதான்.

எங்கள் வீடு பொம்மனஹள்ளியில், ஓசூர் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே. அவர் முப்பத்திரண்டு வருஷம் ஒரு ஃபாக்டரியில் லேத் ஓட்டிச் சம்பாதித்துக் கட்டிய இரண்டு அறை. திருப்பத்தூர் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். ஆள் நல்ல உயரம், நல்ல கனம். யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்களே, அது சரிதான். ஆனால் அந்தக் குதிரையைத் தினம் இரண்டு தடவை புரட்டி, முதுகு துடைத்து, பவுடர் போட்டு, தலையணை அண்டக் கொடுத்து உட்காரவைக்க வேண்டும். நானோ நாலடி பத்தங்குலம். பார்க்க வருகிறவர்கள் வாசலில் நின்று, தெய்வம்மா நீ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். தெய்வத்துக்கு முட்டி வலிக்காது. கூட ஒரு கை பிடித்துப் புரட்டிவிட்டுச் சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

எங்கள் தெருவில் என்னைப்போல அப்போது இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். காலையில் பால் பூத்தில் பார்த்துக்கொள்வோம். ஒருத்தி வீட்டுக்காரருக்குப் பார்வை போய்விட்டது, ஒருத்தி வீட்டுக்காரருக்குக் கை நடுக்கம், இன்னொருத்தி வீட்டுக்காரருக்கு எல்லாம் சரியாக இருந்து புத்திதான் கலங்கிவிட்டது. படுக்கைப் புண்ணுக்கு எந்த மருந்து, பழைய வேட்டியை எப்படி மடித்துக் கட்டினால் ஈரம் பரவாது என்பதெல்லாம் அங்கே கற்றுக்கொண்டதுதான். நாலு பேருக்கும் அறுபதுக்கு மேல். நாலு பேருக்கும் ஏதோ ஒரு வியாதி உண்டு, அதைப் பற்றி மட்டும் பேசிக்கொள்ள மாட்டோம். பாலை வாங்கிக்கொண்டு ஓடுவோம்.

எனக்கு சர்க்கரை. காலையில் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் ஒரு மாத்திரை. அதில்தான் வந்தது வினை.

எங்கள் வீட்டில் ஆம்பிளை சாப்பிட்டபிறகுதான் பெண்பிள்ளை சாப்பிடுவது. யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை, அம்மா அப்படி, மாமியார் அப்படி, நானும் அப்படி. அவருக்கு முதல் ஷிஃப்ட் என்றால் விடியற்காலையில் டப்பா கட்டிக் கொடுத்தனுப்பிவிட்டு, கம்பெனி பஸ்ஸில் அவர் திரும்பி வந்து சாப்பிடும்வரை நான் காத்திருப்பேன். அவராக ஒருநாளும் காத்திரு என்று சொன்னவர் இல்லை. நீ சாப்பிட்டாயா என்று கேட்டவரும் இல்லை. அவர் கை கழுவிக்கொண்டு போனபிறகு சமையல்கட்டில் அடுப்புமேடையோரம் நின்றபடியே நாலு வாய் போட்டுக்கொள்வேன். ஊருக்குப் போனால் பந்தியும் தனித்தனி. ஆக, கல்யாணமான நாற்பது வருஷத்தில் நான் மெல்லுவதை அவர் பார்த்ததில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

ஆள் நன்றாக இருந்தபோது கால்மணி நேரத்தில் சாப்பிட்டு எழுந்துவிடுவார். படுத்தபிறகு ஒரு கிண்ணம் குழைந்த சோறு இறங்க ஒன்றரை மணி நேரம். மாத்திரையை ஏழரைக்கு முழுங்கிவிட்டு நான் அவருக்கு ஊட்ட உட்காருவேன். எதிர்வீட்டுக் கன்னடக்காரம்மா ஒன்பது மணிக்கு வாசலைப் பெருக்க வரும்போது ஜன்னல் வழியாக "ஊட்டா ஆய்தா?", சாப்பாடு ஆயிற்றா என்று கேட்பாள். இந்த ஊரில் எல்லாரும் எல்லாரையும் கேட்பதுதான், நாமும் ஆயிற்று என்று சொல்லிவிட்டுப் போவதுதான். நான் ஸ்பூனும் கையுமாக "ஆய்து, ஆய்து" என்பேன். என் தோசை உள்ளே ஆறிப் பிளாஸ்டிக் மாதிரி கிடக்கும்.

ஒருநாள் அவருக்குச் சளி கட்டியிருந்தது. இரண்டு வாய்க்கு ஒருதரம் இருமல். பத்தரை மணியாகியும் பாதிக் கிண்ணம் அப்படியே இருந்தது. எனக்குக் கை நடுங்கியது, முதுகு முழுக்க வேர்த்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும். அப்படி வந்தால் உடனே ஒரு பிடி சர்க்கரை வாயில் போட வேண்டும் என்று டாக்டர் பத்துத் தடவை சொல்லியிருக்கிறார். சர்க்கரை டப்பா எட்டு அடி தூரத்தில் இருந்தது. இன்னும் நாலு வாய்தானே, முடித்துவிட்டே எழுந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். என் முட்டாள்தனத்துக்கு நான் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஸ்பூன் கீழே விழுந்த சத்தம் கேட்டது, அப்புறம் கட்டில் காலுக்குப் பக்கத்தில் தரை.

கண் திறந்துதான் இருந்தது. கட்டில் விளிம்புக்கு மேலே அவர் முகம் தெரிந்தது. வாய் கோணி, என்னவோ சொல்லப் பார்க்கிறார், "பா பா" என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. எழுந்திருக்கப் பார்க்கிறார், உடம்பு வரவில்லை. நானும் அவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன், எனக்கும் நாக்கு எழவில்லை. ஒரே அறையில் இரண்டு பேர், ஒருத்தரை ஒருத்தர் தூக்க முடியாமல். அந்தப் பயம் எனக்கு இன்றைக்கும் போகவில்லை. பிறகு அவர் இடது கையால் ஸ்டீல் டம்ளரை எடுத்துக் கட்டில் கம்பியில் அடிக்க ஆரம்பித்தார். விடாமல் அடித்தார். எதிர்வீட்டுக்காரி அந்தச் சத்தத்துக்குத்தான் ஓடிவந்தாள்.

வாயில் சர்க்கரையைப் போட்டு, தண்ணீர் கொடுத்து, என்னைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு, அவள் திட்ட ஆரம்பித்தாள். தினம் கேட்கிறேன், தினம் ஆயிற்று ஆயிற்று என்கிறாயே, பதினோரு மணிக்கு இன்னும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறாயே, புருஷன் சாப்பிட்டால் உன் வயிறு நிறைந்துவிடுமா என்று கன்னடத்தில் வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவருக்குக் கன்னடம் என்னைவிட நன்றாகத் தெரியும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

மறுநாள் காலை அவர் வாயைத் திறக்கவில்லை. சளியினால் தொண்டை வலிக்கிறதோ என்று வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். மத்தியானமும் திறக்கவில்லை. கெஞ்சினேன், கோபப்பட்டேன், கன்னத்தை அழுத்திப் பார்த்தேன். உதட்டை இறுக்கிக்கொண்டு என்னையே பார்க்கிறார். ராத்திரிக்கும் அதே கதை. எனக்குக் குழாய் ஞாபகம் வந்துவிட்டது. அடுத்த நாள் காலையில் நான் கிண்ணத்தைக் கொண்டுபோனதும் இடது கையால் அதை என் பக்கம் தள்ளினார். பிறகு ஒரு விரலை நீட்டி என் வாயைக் காட்டினார்.

"நான் அப்புறமா சாப்ட்டுக்கிறேங்க" என்றேன். உதட்டை மறுபடி இறுக்கிக்கொண்டார்.

சமையல்கட்டுக்குப் போய் ஒரு இட்லி எடுத்துவந்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு துண்டு பிட்டுப் போட்டுக்கொண்டேன். முந்தானையைப் பிடித்து இழுத்தார். அவர் பக்கம் திரும்பித்தான் சாப்பிட வேண்டுமாம். திரும்பினேன். நான் மென்று விழுங்குவதைக் கண் கொட்டாமல் பார்த்தார், தொண்டையில் இறங்கியது தெரிந்தபிறகு வாயைத் திறந்தார். எனக்கு ஒரு வாய், அவருக்கு ஒரு வாய். அன்றிலிருந்து அதுதான் சட்டம். சாண் பிள்ளையானாலும் ஆண் பிள்ளை, படுத்துக்கொண்டும் சட்டம் போடுவார்.

முதல் பத்து நாள் எனக்கு உயிர் போயிற்று. கடைவாயில் பல் இல்லாததால் நான் ஒரு பக்கமாகத்தான் மெல்லுவேன், அதை ஒருவர் உட்கார்ந்து பார்த்தால் எப்படி இருக்கும்? வாசலில் யாராவது வரும் சத்தம் கேட்டால் தட்டைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவேன். புருஷன் வாய் பார்த்துக்கொண்டு படுத்திருக்க, பொண்டாட்டி முன்னால் தின்கிறாள் என்று ஊரில் ஒரு பேச்சு போதுமே. அப்புறம் அப்புறம் பழகிவிட்டது. சொல்லப்போனால் என் ஆயுசில் சூடாகச் சாப்பிட்டது அந்த ஒன்றரை வருஷம்தான். சர்க்கரை ஒரு கட்டுக்குள் வந்தது. சாப்பிட்டுக்கொண்டே அவரிடம் பால் பூத் கதையெல்லாம் சொல்லுவேன். அவருக்குச் சிரிப்பு ஒரு பக்கம் மட்டும் வரும். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன், அதை இப்போது எழுதும்போதும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மகளிடம்கூடச் சொல்லவில்லை. அவள் ஹெப்பகோடியில் இருந்தாள், ஒரு கம்பெனியில் எலக்ட்ரானிக் போர்டு செக் பண்ணும் வேலை, அவளுக்கும் ஷிஃப்ட். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையோடு வருவாள். அன்றைக்கு அவர்கள் வருவதற்கு முன்பே நாங்கள் இரண்டு பேரும் முடித்துவிடுவோம். கிழவனும் கிழவியும் மாறிமாறி ஊட்டிக்கொள்கிறார்கள் என்று மாப்பிள்ளை நினைத்துவிட்டால் முகத்தில் எப்படி முழிப்பது?

இரண்டு கண்ணிலும் எனக்குப் புரை விழுந்திருந்தது. வெகுநாள் சமாளித்தேன். ஒருநாள் காலையில் கொடுத்த பிரஷர் மாத்திரையையே, அட்டை சரியாகத் தெரியாமல், சளி மாத்திரை என்று நினைத்து மத்தியானமும் கொடுத்துவிட்டேன். அவர் துவண்டுபோனார், ஆட்டோ வைத்து ஓட வேண்டியதாயிற்று. பிழைத்துக்கொண்டார். மகள் பிடித்துக்கொண்டாள். கண் ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், அதுவரை அப்பாவை ஒரு இடத்தில் விடலாம் என்றாள். அத்திபெலே தாண்டி, ரிட்டையரான நர்ஸ் அம்மா ஒருவர் நடத்தும் இல்லம், பன்னிரண்டு கட்டில், படுத்த படுக்கையாக இருப்பவர்களை நன்றாகப் பார்த்துக்கொள்வார்களாம். ஆபரேஷன் முடிந்து பத்து நாள் நான் குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. "பத்தே நாளும்மா. நீயும் விழுந்துட்டா நான் யாரன்னு பாப்பேன்?" என்று கேட்டாள். சரி என்றேன்.

அந்த இடத்தைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். தரை சுத்தமாக இருந்தது, வெயில் வரும் ஜன்னல் பக்கம் கட்டில் கொடுத்தார்கள். நர்ஸ் அம்மா ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டுக்கேட்டு எழுதினார். எந்தப் பக்கம் புரட்ட வேண்டும், எத்தனை தலையணை, எந்தப் பதம், ரசம் எவ்வளவு, மாத்திரை எப்போது என்று எல்லாம் சொன்னேன். கடைசியில் பேனாவைப் பிடித்தபடி, "வேற எதாச்சும் இருக்காம்மா?" என்று கேட்டார்.

சுற்றி மகள் நின்றாள், மாப்பிள்ளை நின்றார், கட்டிலைத் தள்ளிவந்த ஒரு ஆள் நின்றார். அவர் எதிரில் யாராவது ஒரு வாய் சாப்பிட்டால்தான் அவர் வாயைத் திறப்பார் என்று சொல்ல வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. வயசான காலத்தில் இதென்ன கொஞ்சல் என்று நினைப்பார்களோ, ஓஹோ இத்தனை நாளும் அப்பாவுக்கு முன்னால் அம்மா சாப்பிட்டாளா என்று மகள் நினைப்பாளோ என்று ஓடியது. இது எனக்கும் அவருக்கும் நடுவே உள்ளது, அவர் பிடிவாதமெல்லாம் என்னிடம்தான், அன்னியரிடம் காட்டமாட்டார் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"வேற ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாள் கணக்கை விரலில் காட்டி, பத்து நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும், அவர் வீம்பும் பறந்துபோகும் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் மறுநாளே ஆயிற்று. கண்ணில் கட்டோடு மகள் வீட்டில் படுத்திருந்தேன். தினம் காலையில் கேட்பேன், சாப்பிடுகிறாரா என்று. சாப்பிடுகிறார்மா, நீ பேசாமல் படு என்பாள். இரண்டாம் நாள் சாயங்காலம் மனசு கேட்காமல், அங்கே அவருக்கு எதிரே யாராவது உட்கார்ந்து சாப்பிடுவார்களா என்று கேட்டேன். அது என்னம்மா கேள்வி என்று சிரித்தாள். நானும் சும்மாதான் கேட்டேன் என்று விட்டுவிட்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் பக்கத்திலேயே இருந்தாள், வேறு யாரும் இல்லை.

அவள் சொன்னது பொய். முதல் நாளிலிருந்தே அவர் வாயைத் திறக்கவில்லை. நர்ஸ் அம்மா தானே உட்கார்ந்து ஊட்டிப் பார்த்திருக்கிறார், இனிப்பு கொடுத்துப் பார்த்திருக்கிறார். நாலாம் நாள் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றி, ஐந்தாம் நாள் மூக்கில் குழாய் போட்டுவிட்டார்கள். எனக்குத் தெரிந்தால் அழுவேன், அழுதால் கண் கெட்டுப்போகும் என்று மகள் மறைத்துவிட்டாள். அவளை நான் எப்படித் திட்டுவது? பொய் சொல்லிக் காப்பாற்றுவதை அவள் என்னிடம்தானே கற்றுக்கொண்டாள்.

பத்து நாள் முடிந்தபிறகுதான் உண்மையைச் சொன்னாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். புதுக் கண்ணில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. மூக்கில் குழாய், கன்னத்தில் பிளாஸ்டர், முகத்தில் பாதி காணோம். குழாயை இரண்டு தடவை பிடுங்கிவிட்டாராம், அதனால் இடது கையைத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். அவருக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு கைதான். என்னைப் பார்த்ததும் அந்தக் கையின் விரல்கள் அசைந்தன. முடிச்சை அவிழ்க்கப் போனேன், அங்கிருந்த பெண், வேண்டாம்மா, அவிழ்த்தால் திரும்பவும் பிடுங்கிவிடுவார் என்றாள். அவிழ்க்காமல் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் சின்ன வயசு. பிடுங்கியபோது பால் நுரையீரலுக்குள் போய்விட்டது, சளி கட்டிக் காய்ச்சல், இப்போது குறைந்திருக்கிறது என்றார். விழுங்கும் சக்தி போய்விட்டது, இனிமேல் வாய் வழியாக ஒன்றும் கூடாது, ஒரு ஸ்பூன் தண்ணீர்கூடக் கூடாது, கொடுத்தால் அதுவே எமனாகிவிடும் என்றார். அப்போதுதான் நான் சொன்னேன். வெட்கமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை, மகள், மாப்பிள்ளை, நர்ஸ் அம்மா எல்லாரும் நிற்க, அவருக்கு விழுங்கத் தெரியும் சார், நான் எதிரில் சாப்பிட்டால் அவர் சாப்பிடுவார் சார் என்று கையைக் கும்பிட்டுச் சொன்னேன்.

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் டாக்டர். திட்டிச் சொல்லவில்லை, ஆனால் இனிமேல் வாய் வழியாகக் கூடாது என்றதை மாற்றவுமில்லை. மகள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

ஒரு வாரம் கழித்து வீட்டுக்குக் கூட்டிவந்தோம். குழாயில் ஊட்டுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பெரிய சிரிஞ்சில் வடிகட்டிய கஞ்சியை ஊற்றிப் பிடித்தால் தானாக இறங்கிவிடும். ஐந்து நிமிஷம். ஒன்றரை மணி நேரம் பிடித்த வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்தால் கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையைக் கட்டிப்போட மட்டும் எனக்கு மனசு வரவில்லை. குழாயில் கை வைக்கக் கூடாது என்று சொன்னேன், கேட்டுக்கொண்டார், வைக்கவில்லை.

அன்று மத்தியானம் சிரிஞ்சைக் கழுவி வைத்துவிட்டு, சமையல்கட்டில் நின்று ரசம் சாதம் பிசைந்தேன். நான் சாப்பிட்டேனா இல்லையா என்று அவர் அங்கே படுத்துத் தவித்துக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. சாப்பிடுவதைப் பார்த்தாலாவது நிம்மதியாகத் தூங்குவார். தட்டை எடுத்துக்கொண்டு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவர் எதிரில் உட்கார்ந்தேன். ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

கண் கொட்டாமல் பார்த்தார். நான் மென்று விழுங்கும்வரை காத்திருந்தார். பிறகு வாயைத் திறந்தார். மூடவே இல்லை. அடுத்த வாய் என் கையில் இருந்தது.